ஒட்டகச்சிவிங்கிக்குப் பத்தியம்

ஒட்டகச்சிவிங்கி ஊமைப் பிராணி என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். பள்ளியில் அப்படித்தான் படித்தேன் என்று என் மருமகனே ஒருமுறை வாதாடினார். அவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறவர், விடியுமுன் பாலம் கடந்து இருட்டியபின் பெர்மாஸ் ஜெயாவுக்குத் திரும்புகிறவர். பாவம், விட்டுக்கொடுத்திருக்கலாம். நான் விடவில்லை. "மாப்பிள்ள, நீங்க பாத்தது படத்துல. நான் அதுங்க சாணிய அள்ளுனவ" என்றேன். அதோடு பேச்சு முடிந்தது.

குட்டி கத்தும், கன்றுக்குட்டிக்கும் ஆட்டுக்குட்டிக்கும் நடுவான ஒரு குரலில். பெரியவை மூக்கால் புஸ்ஸென்று ஊதும். பிடிக்காதவர் வந்தால் அந்த ஊதலே போதும், முகத்தில் எச்சில் தெறிக்கும். ஆனால் பெரும்பாலும் அவை காதால்தான் பேசும். அதைப் படிக்கத் தெரியாதவர்கள்தான் ஊமை என்கிறார்கள்.

இதையெல்லாம் இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ரூபன். நான் ஓய்வு பெற்றபின் எங்கள் விலங்குப் பூங்காவில் ஒட்டகச்சிவிங்கிப் பகுதியைப் பார்த்துக்கொள்பவன் அவன். போன மாதம் தம்போய் வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டான். "ஆண்ட்டி, கொட்டாய்ல கேமரா போட்டாச்சு. வீட்டுல படுத்துக்கிட்டே போன்ல பாக்கலாம். ஒருத்தி சினையா இருக்கா. புதுசா வந்தவங்களுக்குப் படிக்கக் குடுக்கணும், அந்தக் காலத்துல நீங்க எப்படிப் பாத்தீங்கன்னு எழுதித் தாங்க" என்றான். அந்தக் காலம் என்றதும் எனக்கு என்னவோ நூறு வயது ஆனதுபோல் இருந்தது. இருந்தாலும் எழுதுகிறேன். கேமராவில் தெரியாதவை சில உண்டு.

நான் குளுவாங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். கல்யாணமாகி ஜொகூர் பாருவுக்கு வந்து, தம்போயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்தேன். தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். பூங்காவில் டிக்கெட் கொடுக்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். டிக்கெட் கொடுத்தது கொஞ்ச காலம்தான். விலங்குகளுக்குத் தீனி வெட்ட ஆள் போதவில்லை என்று அந்தப் பக்கம் அனுப்பினார்கள், அங்கிருந்து ஒட்டகச்சிவிங்கிக் கொட்டகைக்குப் போனேன். அப்புறம் ஓய்வு பெறும்வரை அங்கேயேதான். யானை வேண்டுமா, புலி வேண்டுமா என்று மேலிடத்தில் கேட்டதுண்டு. வேண்டாம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் காலைப் பூசை முடிந்ததும் மற்றவர்கள் வீட்டுக்குப் போவார்கள், நான் கொட்டகைக்குப் போவேன்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் பாக் மாட், மாட் ஐயா என்று அர்த்தம். மலாய்க்காரர், ஆனால் தோட்டத்தில் தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்தவர், நம்மைப்போலவே தமிழ் பேசுவார். அவருடைய முதல் பாடம் குரல். கதவைத் தொடுமுன் குரல் கொடுக்க வேண்டும். அதுவும் தினமும் ஒரே குரல், ஒரே பேச்சு. நான் சொன்னது "நான்தான்லா வரேன்" என்பது. தொண்டை கட்டிக் குரல் மாறிய நாளில் என்னை யாரோ அன்னியர் என்று எண்ணிக் கொட்டகையில் இருந்த மூன்றும் சுவரோரம் ஒதுங்கின. எவ்வளவு உயரமோ அவ்வளவு பயம் அவற்றுக்கு. வாசலில் சாக்கடைமேல் போட்டிருந்த கம்பி மூடியை ஒருநாள் புதிதாக மாற்றினார்கள். பழையது கறுப்பு, புதியது பளபளப்பு. அதைத் தாண்ட மாட்டோம் என்று நின்றுவிட்டன. சேறு பூசிக் கறுப்பாக்கியபின்தான் வெளியே வந்தன.

அடுத்தது இலை. எண்ணெய்ப்பனைத் தோட்ட ஓரங்களில் அக்கேசியா மரம் தானாக முளைத்து நிற்கும். அதுதான் அவற்றுக்கு உயிர். பலா இலையும் சாப்பிடும். கிளைகளை வெட்டிவந்ததும் பாக் மாட் தரையில் ஓங்கி அடிப்பார், சிவப்பு எறும்புகள் கொட்டும். என் கழுத்துக்குள்ளும் கொட்டும். கட்டுகளை உயரத்தில் கப்பியில் ஏற்றித் தொங்கவிட வேண்டும். கருநீலத்தில் முழங்கை நீள நாக்கை நீட்டிக் குச்சியை விட்டு இலையை மட்டும் உருவிக்கொள்ளும் அழகு இருக்கிறதே, அதைப் பார்த்து எனக்கு ஒருநாளும் அலுத்ததில்லை.

காலையில் முதலில் பார்க்க வேண்டியது கழுத்து. மாட்டைப்போல அசைபோடும் பிராணி. விழுங்கியது உருண்டையாகத் திரும்பிக் கீழிருந்து மேலே ஏறுவது தோலுக்கு வெளியே தெரியும், மின்தூக்கி போகிறமாதிரி. உருண்டை ஏறினால் உடம்பு நலம். ஏறவில்லையென்றால் டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

எங்களிடம் இருந்தவை மூன்று. மாவார் மூத்தவள், மெலாத்தி இளையவள், ஆண் ஜாகுங். மூன்று பெயரும் பாக் மாட் வைத்தவை. பெண்களுக்கு ரோஜா, மல்லிகை என்று பூப்பெயர் வைத்தவர் ஆணுக்குச் சோளம் என்று வைத்துவிட்டார். ஜாகுங் செய்கிற காரியமும் அப்படித்தான். பெண் சிறுநீர் கழித்தால் வாயில் பிடித்து, மேலுதட்டைச் சுருட்டி, வானத்தைப் பார்த்து யோசிப்பான். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பிள்ளைகள் கத்துவார்கள், டீச்சர் முகம் சிவந்துபோகும். "ஒண்ணுமில்ல டீச்சர், அவ தயாரா இல்லையான்னு டெஸ்ட் பண்றான்" என்பேன். டீச்சர் பிள்ளைகளை வரிக்குதிரைப் பக்கம் கூட்டிப்போய்விடுவார்.

டாக்டர் வசந்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கால்நடை மருத்துவர். கிள்ளானிலிருந்து வந்தவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நோயென்று கூப்பிட்டால் வருவார், ஆனால் பிராணியிடம் போகமாட்டார். பையை வெளியே வைத்துவிட்டு ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார். கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். பிராணிக்கு அவர்மேல் இருந்த பயம் போய்த் தன் வேலையைப் பார்க்கத் தொடங்கும்வரை வாயே திறக்கமாட்டார். பிறகு மெதுவாகத் திரும்பிப் பார்ப்பார். நாங்கள் பதறினால், "நீங்க மூச்சு வாங்கறது அதுக்குக் கேக்குது" என்பார். திட்டியதே இல்லை. அந்த அமைதிதான் எங்களுக்குப் பெரிய பயம். பாராட்டவும் மாட்டார். திருப்தி என்றால் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பார், அவ்வளவுதான்.

மயக்க ஊசி போட அவர் லேசில் சம்மதிக்கமாட்டார். அந்த நீளக் கழுத்தில் இரத்தம் ஏறி இறங்குவதற்கே ஒரு தனி ஏற்பாடு உண்டு. மயங்கி விழுந்தால் அது குலைந்துபோகலாம், வயிற்றில் இருப்பது மேலே வந்து மூச்சுக்குழாயில் இறங்கலாம். "படுக்க வைக்கறது என் கையில இருக்கு. எழுப்பறது என் கையில இல்ல" என்பார்.

இந்த டாக்டரும் பாக் மாட்டும் நானும் சேர்ந்துதான் மெலாத்தியின் முதல் பிரசவத்தைப் பார்த்தோம்.

அதற்கு முன்பே மாவார் ஒரு குட்டி போட்டிருந்தாள். பிறக்கும்போதே நோஞ்சான், எழுந்து நிற்கவே முடியவில்லை. தாயிடமிருந்து பிரித்துப் புட்டிப்பால் கொடுத்தோம். புட்டியைப் பிடித்தவள் நான். சில வாரங்கள் என் சட்டைப் பொத்தானைச் சப்பிக்கொண்டு இருந்தது, அப்புறம் செத்துப்போனது. மாவார் பல நாள் அந்த அறை வாசலையே பார்த்து நின்றாள். எனக்கு அந்த வாசலைத் தாண்டிப் போகவே முடியாது, சுற்றிக்கொண்டுதான் போவேன். மெலாத்தி சினை என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு ஒரே வேண்டுதல்தான். புட்டியை மட்டும் என் கையில் கொடுக்காதே, ஆண்டவரே.

பதினைந்து மாதச் சினை. நாள் நெருங்க நெருங்க நாங்கள் மூவரும் சேர்ந்து அவள் அறையைத் தயார் செய்தோம். இங்கேதான் சிரிப்பு வரும். நாங்கள் மூவருமே பிள்ளைபெற்றவளைக் காற்றுப்படாமல் அடைத்துவைக்கிற வீட்டில் வளர்ந்தவர்கள். பாக் மாட் வீட்டில் அதைப் பந்தாங் என்பார்கள், நாற்பது நாளைக்கு மேலே போகும். எங்கள் வீட்டில் பத்தியம். நான் பிள்ளை பெற்றபோது என் அம்மா காதில் பஞ்சை வைத்து அடைத்து, ஜன்னலைச் சாத்தி, வாசலில் வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பினார். டாக்டர் வசந்தாவும் தன் அக்காமாருக்கு மிளகும் பூண்டும் இடித்துக்கொடுத்தவர்தான். எந்த உத்தரவும் இல்லாமலே மெலாத்தியின் அறையில் வைக்கோல் தடிப்பாகப் பரப்பினோம். காற்று வரும் இடத்தையெல்லாம் கோணியால் அடைத்தோம். மாவார் அறைக்கும் அவள் அறைக்கும் நடுவே இருந்த கம்பித் தடுப்பை மேலிருந்து கீழ்வரை கித்தான் கட்டி மறைத்தோம். கண்ணு படக்கூடாது என்று பாக் மாட் சொன்னார். எதன் கண் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. டாக்டர் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்லா அடைச்சிருக்கீங்க" என்றார். அவரிடமிருந்து வந்த ஒரே பாராட்டு அதுதான்.

ஒரு காலைப்பொழுதில் குட்டி பிறந்தது. ஒட்டகச்சிவிங்கி நின்றுகொண்டேதான் போடும். முதலில் இரண்டு முன்னங்கால்கள், அவற்றின்மேல் வைத்த தலை, பிறகு ஓர் ஆள் உயரத்திலிருந்து தொப்பென்று விழுந்தது. அந்த விழுகையில்தான் கொடி அறும், மூச்சும் வரும். பெண் குட்டி. கொஞ்ச நேரத்திலேயே நாலு காலையும் நாலு திசைக்குப் பரப்பி எழுந்து நின்றது. பாக் மாட் கையைத் தூக்கித் துஆ சொன்னார். நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.

மெலாத்தி குட்டியைப் பார்த்தாள். புஸ்ஸென்று ஊதினாள். சுவரோரம் போய் ஒட்டிக்கொண்டாள்.

குட்டி மடியைத் தேடிக்கொண்டு போனபோதெல்லாம் அவள் காலைத் தூக்கினாள். ஒருமுறை உதைத்தே விட்டாள். சரியாகப் படவில்லை, பட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். குட்டி சரிந்து விழுந்து, மறுபடி எழுந்து, மறுபடி போனது. அவள் அறையைச் சுற்றிச் சுற்றி நடக்கத் தொடங்கினாள். தலை மேலே, கண் வெள்ளை தெரிய.

முதல் நாள் சீம்பால் உள்ளே போகாவிட்டால் குட்டிக்கு நோயை எதிர்க்கும் சக்தி வராது. தாயை மயக்கிக் கறக்கவும் வழி இல்லை. டாக்டர் வாளியில் உட்கார்ந்தபடியே சொன்னார்: "மத்தியானம் வரைக்கும் பாப்போம். குடிக்கலன்னா குட்டிய வெளிய எடுத்துடலாம். ஸ்டெல்லா, புட்டியக் கழுவி வச்சிருங்க."

"டாக்டர், இன்னும் கொஞ்சம் பாப்போமே" என்றேன்.

"கழுவி வைங்க. வேணாம்னா வேணாம். கழுவறதுல ஒண்ணுமில்ல."

புட்டியைக் கழுவினேன். தண்ணீரைவிட என் கண்ணீர்தான் அதில் அதிகம் விழுந்திருக்கும். பாக் மாட் வந்து பக்கத்தில் நின்று, "சபார்லா, ஸ்டெல்லா, பொறுமையா இரு" என்றார்.

திரும்பிவந்தபோது குட்டி கத்திக்கொண்டிருந்தது. பசிக் கத்தல். அது கத்தும்போதெல்லாம் கித்தானுக்கு அந்தப்பக்கம் மாவார் காலடி கேட்டது. வருவாள், நிற்பாள், போவாள். டாக்டர் இப்போது முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கவில்லை. எழுந்து நின்று மெலாத்தியையே பார்த்தார்.

"அவ காதப் பாருங்க" என்றார்.

குட்டி ஒரு பக்கம் கத்திக்கொண்டிருக்க, மெலாத்தியின் இரண்டு காதும் கித்தான் பக்கம் திரும்பியிருந்தன. நடக்கும்போதும் அந்தப் பக்கம்தான், நிற்கும்போதும் அந்தப் பக்கம்தான்.

"நாம யாருக்குப் பந்தாங் பாத்தோம்?" என்று டாக்டர் கேட்டார். எங்களைக் கேட்டாரா, தன்னையே கேட்டுக்கொண்டாரா தெரியாது. "மந்தையில இருக்கற பிராணி இது. சுத்தி ஆளு இருந்தாத்தான் தைரியம் வரும். தனியாப் போட்டு அடைச்சா, பக்கத்துல என்ன நடக்குதுன்னே தெரியாம பயந்து செத்துரும். மாட், கித்தான அவுருங்க. மெதுவா."

பாக் மாட் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தார். கித்தான் இறங்கியதும் கம்பிக்கு அந்தப்பக்கம் மாவாரின் முகம். மெலாத்தி நடப்பதை நிறுத்திவிட்டு நேரே அங்கே போனாள். இரண்டும் மூக்கோடு மூக்கு வைத்து நின்றன. எத்தனை நாளாயிற்று அப்படி நின்று. எனக்கு அப்போதுதான், பத்தியத்தில் கிடந்த நாளில் என் தோழி மரகதம் ஜன்னலுக்கு வெளியே நின்று கிசுகிசுவென்று பேசிவிட்டுப் போனது ஞாபகம் வந்தது. அவள் வந்துபோனபின்தான் எனக்குப் பால் ஊறியதுபோல் இருக்கும்.

ஆனாலும் குட்டி போனதும் மெலாத்தி மறுபடி காலைத் தூக்கினாள். நேரம் போய்க்கொண்டிருந்தது. குட்டியின் கத்தல் மெலிந்துவிட்டது.

டாக்டர் நடுக்கதவைப் பார்த்தார். கம்பித் தடுப்பிலேயே ஒரு நகரும் கதவு உண்டு, கயிற்றை இழுத்தால் திறக்கும். கயிறு என் பக்கம் இருந்தது.

"வேணாம் டாக்டர்" என்றேன். அவரிடம் நான் அப்படிப் பேசியது அந்த ஒருமுறைதான். "ரெண்டும் ஒரே ரூம்ல மிரண்டா குட்டி மிதிபட்டுச் செத்துரும். புட்டியே குடுத்துடலாம். நான் பாத்துக்கறேன். ராத்திரி பகலா இருந்து பாத்துக்கறேன்."

"போன தடவையும் நீங்க ராத்திரி பகலாத்தான் பாத்தீங்க" என்றார் டாக்டர். குற்றம் சொல்லும் குரல் இல்லை. "குட்டி மிதிபட்டா அது என் தப்பு. நான் சொல்லி நீங்க செஞ்சது. கயித்த இழுங்க, ஸ்டெல்லா."

இழுத்தேன். கதவு விட்டு விட்டுத்தான் நகர்ந்தது.

மாவார் வாசலில் நின்றாள். வழக்கம்போலத் தரையைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், மறுபடி தரையைப் பார்த்தாள். பிறகு ஒரு பக்கத்துக் கால்கள் இரண்டும் சேர்ந்து, மறுபக்கத்துக் கால்கள் இரண்டும் சேர்ந்து, அந்த ஆடி அசைந்த நடையில் உள்ளே வந்தாள். குட்டியிடம் குனிந்தாள். மோந்தாள். நெற்றியிலிருந்து வால்வரை நக்கிக்கொண்டே போனாள்.

குட்டி பசியில் மாவாரின் மடிக்குள் தலையை விட்டது. அங்கே ஒன்றும் இல்லை. முட்டி முட்டிப் பார்த்தது. மாவார் அசையாமல் நின்றாள். குட்டியை இழந்தவள், பால் வற்றியவள், காலை லேசாக அகற்றிவைத்து நின்றுகொண்டிருந்தாள். பாக் மாட் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மெலாத்தி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். காது இரண்டும் இப்போது குட்டியின் பக்கம். ஓர் அடி வைத்தாள், இன்னோர் அடி வைத்தாள். மாவாருக்குப் பக்கத்தில் உடம்போடு உடம்பு உரச வந்து நின்று, கழுத்தை வளைத்துக் குட்டியின் முதுகை மோந்தாள். மாவார் அப்போது நகர்ந்தாள். இலைக்கட்டுக்குப் போய்ச் சாவகாசமாக ஒரு கிளையை இழுத்தாள், தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல. குட்டி தடுமாறி, கிடைத்த வயிற்றுக்கு அடியில் போனது. மெலாத்தி காலைத் தூக்கினாள். தூக்கிய காலைப் பின்னால் தள்ளி வைத்தாள்.

பால் குடிக்கிற சத்தம் கேட்டது. அதைவிட நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை. டாக்டர் பையை எடுத்துக்கொண்டு, "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு நடுக்கதவை நாங்கள் மூடவில்லை. குட்டிக்கு இரண்டு தாய். மெலாத்தி இலை தின்னப் போனால் மாவார் காலடியில் குட்டி படுத்துக்கொள்ளும், கழுத்தைப் பின்னால் மடித்துத் தன் முதுகிலேயே தலையை வைத்துத் தூங்கும். காட்டிலும் இப்படித்தானாம், குட்டிகளை ஒருத்தியிடம் விட்டுவிட்டு மற்றவர்கள் மேயப் போவார்களாம். டாக்டர் சொன்னார்.

ஒருநாள் காலை தாய்மார் இருவரும் குட்டியும் முற்றத்துக்குப் போய்விட்டார்கள் என்று எண்ணி அறையைக் கூட்ட உள்ளே போனேன். பாதி கூட்டியபின்தான் பார்த்தேன், வைக்கோலுக்குள் குட்டி தூங்கிக்கொண்டிருந்தது. வாசலில் மெலாத்தி. தாய்க்கும் குட்டிக்கும் நடுவே நிற்கக்கூடாது என்பது எங்கள் வேலையின் முதல் விதி. நான் சரியாக நடுவில் நின்றேன். ஓர் உதையில் சிங்கத்தையே கொல்கிற கால் அது. விளக்குமாற்றைக்கூடக் கீழே வைக்கத் துணிவில்லை. "நான்தான்லா" என்றேன்.

மெலாத்தி தலையைத் தாழ்த்தி என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் இருந்த குட்டியைப் பார்த்தாள். இரண்டு காதும் முன்னால் வந்தன. பிறகு திரும்பி, அவசரமே இல்லாமல், மாவாரைத் தேடி முற்றத்து இலைக்குப் போய்விட்டாள்.

டாக்டர் நடைபாதையில் வந்துகொண்டிருந்தவர் கம்பிக்கு வெளியே நின்றார். "என்ன ஸ்டெல்லா, சிலை மாதிரி நிக்கறீங்க. கூட்டி முடிக்கலயா?"

"இல்ல டாக்டர்" என்றேன் மெதுவாக. "அவ சாப்பிடப் போயிருக்கா. வர்ற வரைக்கும் பிள்ளைய நான் பாத்துக்கணும்."